விதைக்கிழங்குக்கு வெளிச்சம் காட்டுங்கள்

சமையலறையின் இருட்டு மூலையில் மூன்று வாரம் மறந்துபோன உருளைக்கிழங்கு எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். தோல் சுருங்கி, உடம்பு தளர்ந்து, வெள்ளை வெளேரென்று முளைகளை நாலாபக்கமும் நீட்டிக்கொண்டு கிடக்கும். தொட்டால் முளை ஒடிந்து கையோடு வந்துவிடும். அதே கிழங்கை அதே மூன்று வாரம் ஜன்னலோரத்தில், நேர்வெயில் படாத இடத்தில் வைத்திருந்தால் கதை வேறு. முளை விரல்நகத்தின் நீளத்தைத் தாண்டியிருக்காது. ஆனால் குண்டாக, கரும்பச்சையாகவோ ஊதாவாகவோ, விரலால் லேசாகத் தள்ளினாலும் அசையாமல் உட்கார்ந்திருக்கும்.

இரண்டுக்கும் நடுவே மாறியது வெளிச்சம் மட்டும்தான். நடுவதற்கு முன் விதைக்கிழங்கை முளைகட்டுவது என்று தோட்டக்காரர்கள் சொல்வது அந்த ஜன்னலோரக் கிழங்கைத்தான்.

முதல்முறை நான் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டேன். முளைகட்டுதல் என்றதும் ஈரத்துணியில் முடிந்துவைத்த பயறுதான் ஞாபகத்துக்கு வந்தது. கிழங்குகளைக் கழுவி, தண்ணீர் தெளித்து, அட்டைப்பெட்டியில் குவித்து மூடி, அலமாரிக்குள் வைத்தேன். ஒரு மாதம் கழித்துத் திறந்தால் பாதி அழுகியிருந்தது. மீதிப் பாதி ஒரு சாண் நீளத்துக்கு முளைவிட்டு ஒன்றோடொன்று பின்னிக்கிடந்தது. பிரித்தெடுப்பதற்குள் எல்லாம் முறிந்துபோயின. தண்ணீர், மூடி, இருட்டு, மூன்றுமே தப்பு. ஏன் தப்பு என்று தெரிந்துகொள்ளக் கிழங்கு என்பது என்னவென்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

கிழங்கு ஒரு தண்டு

மண்ணுக்கடியில் விளைவதால் உருளைக்கிழங்கை வேர் என்று நினைத்துவிடுகிறோம். கேரட் வேர்தான், சர்க்கரைவள்ளியும் வேர்தான். உருளைக்கிழங்கு அப்படியில்லை, அது தண்டு. செடியின் அடிப்பகுதியிலிருந்து மண்ணுக்குள்ளேயே படுக்கைவாட்டில் மெல்லிய கிளைத்தண்டுகள் ஓடும். அவற்றின் நுனி மாவுச்சத்தைச் சேர்த்துவைத்துப் பருத்தால் அதுதான் கிழங்கு. அத்தாட்சி கிழங்கின் மேலேயே இருக்கிறது. நாம் ‘கண்’ என்று சொல்லும் குழிகள் அந்தத் தண்டின் கணுக்கள். ஒவ்வொரு கண்ணிலும் ஒன்றுக்கு மேற்பட்ட மொட்டுகள் இருக்கும். கண்கள் இஷ்டத்துக்குச் சிதறிக் கிடப்பதுபோலத் தெரிந்தாலும், கிளையில் இலைகள் சுற்றிச் சுற்றி ஏறுவதைப்போல அவையும் சுருள்வரிசையில்தான் அமைந்திருக்கின்றன. நீளமான ஒரு கிழங்கைக் கையில் வைத்து மெல்லத் திருப்பிப் பாருங்கள், பிடிபடும்.

கிழங்குக்கு இரண்டு முனைகள். ஒன்றில் தாய்ச்செடியோடு ஒட்டியிருந்த காம்பின் தழும்பு தெரியும். எதிர்முனையில் கண்கள் நெருக்கமாகக் கூடியிருக்கும். இதைத் தலைப்பக்கம் என்று வைத்துக்கொள்ளலாம், தண்டின் கொழுந்து நுனி இதுதான். பொதுவாக இங்கே உள்ள மொட்டுதான் முதலில் விழிக்கும். விழித்த கையோடு மற்ற கண்களைக் கொஞ்ச காலம் அடக்கியும் வைக்கும். செடியின் கொழுந்தைக் கிள்ளினால் பக்கக்கிளைகள் கிளம்புவதைப் பார்த்திருப்பீர்கள் அல்லவா, அதே கணக்கு. இதைத் தெரிந்துவைத்துக்கொண்டால் பின்னால் முளைகளை எண்ணும்போது உதவும்.

விதைக்கிழங்கு என்று சொல்கிறோமே தவிர அது விதையும் அல்ல. உருளைச்செடியில் பூ பூத்து, சின்னப் பச்சைத் தக்காளி மாதிரி காய் பிடிப்பதுண்டு. (அதை வாயில் வைத்துவிடாதீர்கள், நஞ்சு.) அதற்குள் இருப்பதுதான் உண்மையான விதை, அதிலிருந்து வரும் ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு விதமாக இருக்கும். கிழங்கிலிருந்து வரும் செடியோ தாய்ச்செடியின் அச்சு அசல். தாயின் சுவையும் வரும், தாய்க்கு இருந்த வைரஸ் நோயும் வரும். விதைக்கென்று நோய்ப் பரிசோதனை செய்து சான்றளித்து விற்கப்படும் கிழங்கை வாங்குங்கள் என்று எல்லோரும் சொல்வது இதனால்தான்.

இன்னொன்று: தோண்டிய உடனே கிழங்கு முளைக்காது. அறுவடைக்குப் பின் அதற்கு ஓர் உறக்ககாலம் உண்டு. வகையைப் பொறுத்துச் சில வாரங்களிலிருந்து மூன்று மாதத்துக்கு மேலும் நீளும். அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் மொட்டுகளைத் தூங்கவைக்கும், ஜிப்ரெலின் என்ற ஹார்மோன் எழுப்பிவிடும். நீங்கள் எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் இரண்டு வாரமாகக் கண்கள் அசையவில்லை என்றால், கிழங்கு செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். இன்னும் தூங்கிக்கொண்டிருக்கலாம்.

வெளிச்சம் என்ன செய்கிறது?

உறக்கம் கலைந்த மொட்டு வளர மண்ணோ தண்ணீரோ உரமோ வேண்டியதில்லை. கிழங்கின் எடையில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர், மீதியில் பெரும்பங்கு மாவுச்சத்து. தேவையான சாப்பாடும் தண்ணீரும் கட்டுச்சோறாகக் கூடவே இருக்கின்றன. வேண்டியது வெப்பம் மட்டும். வெப்பம் கூடக்கூட முளை வேகமாக வரும்.

அப்படியென்றால் வெளிச்சம் எதற்கு? முளையை வளர்க்க அல்ல, வளரவிடாமல் பிடித்து நிறுத்த. இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரிந்துவிடும்.

இருட்டில் இருக்கும் முளைக்குத் தான் அலமாரிக்குள் இருக்கிறோம் என்று தெரியாது. மண்ணுக்கடியில் இருக்கிறோம், மேலே போய் வெளிச்சத்தைப் பிடிக்க வேண்டும் என்றுதான் அதற்குத் தோன்றும். ஆகவே பச்சையத்துக்கோ பருமனுக்கோ செலவு செய்யாமல் கையிருப்பு முழுவதையும் நீளத்தில் போடும். சோகை பிடித்த அந்த வெள்ளைக் கயிறு, மேலே வராத ஒரு தரைமட்டத்தைத் தேடி ஓடிய ஓட்டம். அதற்கான செலவெல்லாம் கிழங்கிலிருந்து போவதால்தான் கிழங்கு சுருங்குகிறது.

வெளிச்சம் பட்டதும், முளையில் உள்ள ஒளியுணரும் புரதங்கள் ‘வெளியே வந்துவிட்டோம்’ என்று சேதி சொல்லிவிடும். நீள்வது அடங்கும். கணுக்கள் நெருக்கமாக அமையும், பச்சையம் ஏறும், அடிப்பகுதியில் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள் தடித்துத் தெரியும். அந்தப் புள்ளிகள் வேரின் தொடக்கம். ஈர மண் கிடைத்ததும் முதலில் கிளம்புபவை அவைதான்.

வெப்பம் முடுக்கிவிடுகிறது, வெளிச்சம் கடிவாளம் பிடிக்கிறது. குளிர்பதனக் கிடங்கு கிடைக்காத வெப்ப நாடுகளில் இது பெரிய உதவியாக இருந்திருக்கிறது. பெருவின் லிமா நகரில் 1971இல் தொடங்கப்பட்ட பன்னாட்டு உருளைக்கிழங்கு மையம், விதைக்கிழங்கைத் தட்டுகளில் மெல்லிய அடுக்காகப் பரப்பி, காற்றும் பரவலான வெளிச்சமும் வரும் எளிய கொட்டகைகளில் வைக்கும் முறையைப் பல நாட்டு விவசாயிகளிடையே பரப்பியது. குளிர்சாதனம் எதுவும் இல்லாமலே, வெளிச்சத்தை மட்டும் வைத்து முளைகளைக் குட்டையாக நிறுத்தி மாதக்கணக்கில் விதையைக் காப்பாற்றும் ஏற்பாடு அது. ஜன்னலோரத்தில் முட்டை அட்டையின் குழிகளில் நீங்கள் நிறுத்தப்போகும் கிழங்குகள் அதன் குட்டிப் பதிப்பு.

வெளிச்சம் பட்ட கிழங்கு பச்சையாகிவிடுமே என்று கேட்பீர்கள். ஆகும். விதைக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. ஆனால் பச்சையேறிய கிழங்கிலும் முளையிலும் சோலனின், சாக்கோனின் என்ற நச்சுப் பொருள்கள் கூடியிருக்கும். வேகவைத்தாலும் பொரித்தாலும் அவை முழுவதும் போகாது. முளைகட்ட வைத்ததில் மிச்சம் விழுந்தால் சமையலுக்கு எடுக்காதீர்கள்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா?

அப்படியே நட்டாலும் உருளைக்கிழங்கு முளைக்கத்தான் செய்யும். பிறகு ஏன்? எல்லோரும் முதலில் சொல்வது காலம். முளைகட்டிய கிழங்கு மண்ணுக்கு மேலே ஒன்றிரண்டு வாரம் முன்னதாகத் தலைகாட்டும். பருவம் குறுகலாக இருக்கும் இடத்தில் இது பெரிய லாபம். உருளைச்செடி கிழங்கு கட்ட மிதமான குளிர்ச்சி வேண்டும். மண்ணின் வெப்பம் 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் என்றால் அதற்குக் கொண்டாட்டம், 30ஐ நெருங்கினால் கிழங்கு பிடிப்பது அநேகமாக நின்றுவிடும். ஒருபக்கம் உறைபனி, மறுபக்கம் கோடை என்று இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட தோட்டத்தில் பத்து நாள் முன்னதாகக் கிளம்புவது விளைச்சலில் தெரியும். சீக்கிரம் விளையும் குறுகியகால வகைகளுக்கு ஆதாயம் கூடுதல். நீண்டகால வகை, நிதானமான பருவம் என்றால் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது, நேரமில்லாவிட்டால் விட்டுவிடலாம்.

என்னைக் கேட்டால் காலத்தைவிடப் பெரிய லாபம் வேறொன்று. நடுவதற்கு முன்பே கிழங்கைப் பரிசோதித்துவிடுகிறோம். பத்துக் கிழங்கில் எது முளைக்கும், எது அழுகும் என்று மண்ணுக்குள் போட்டுவிட்டுக் காத்திருப்பதைவிட, ஜன்னலோரத்திலேயே பார்த்துத் தெரிந்துகொள்வது நல்லதல்லவா? குளிர்ந்த ஈர மண்ணில் உறங்கும் கிழங்கு வாரக்கணக்கில் கிடந்தால் அழுகல் பிடிக்க வாய்ப்பு அதிகம். முளைத்து நிற்கும் கிழங்கு அந்த ஆபத்தான நாள்களைச் சீக்கிரம் தாண்டிவிடும்.

சரி, வைக்கலாம்

கோழிமுட்டை அளவுள்ள கிழங்கு போதும், எடையில் 30 முதல் 60 கிராம். முட்டை அட்டையின் ஒவ்வொரு குழியிலும் ஒன்றாக, தலைப்பக்கம் மேலே பார்க்க நிறுத்துங்கள். முட்டை அட்டை இல்லாவிட்டால் ஆழமில்லாத தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பினாலும் சரிதான். குவிக்கக்கூடாது; அடியில் இருப்பதற்கு வெளிச்சமும் காற்றும் கிடைக்காது. கழுவ வேண்டாம், ஒட்டியிருக்கும் மண் காய்ந்ததும் தானே உதிரும். தண்ணீர் தெளிக்கவும் வேண்டாம். ஈரம் கேட்பது கிழங்கு அல்ல, அழுகலும் பூசணமும்தான்.

இடம் வெளிச்சமாக இருக்க வேண்டும், வெயில் நேராக விழக்கூடாது. கண்ணாடிக்குப் பின்னால் நேர்வெயிலில் வைத்த கிழங்கு சூடேறி வதங்கிவிடும். 10 டிகிரியை ஒட்டிய குளிர்ந்த அறை கிடைத்தால் உத்தமம். முளைகள் நிதானமாக நாலு முதல் ஆறு வாரத்தில் தயாராகும். 20 டிகிரிக்கு மேல் என்றால் உறக்கம் கலைந்த கிழங்கு இரண்டு மூன்று வாரத்திலேயே முளைத்துவிடும், கூடவே உலரவும் தொடங்கும். வெப்பமான இடத்தில் இருப்பவர்கள் தாமதமாக ஆரம்பித்து, வெளிச்சத்தைத் தாராளமாகக் கொடுத்து, சீக்கிரம் நட்டுவிடுவது நல்லது. உறைநிலைக்குக் கீழே போகும் இடத்தில் மட்டும் வைக்காதீர்கள். உறைந்து இளகிய கிழங்கு கூழாகிவிடும்.

வாரத்துக்கு ஒருமுறை ஒரு பார்வை. முளை ஒருபக்கமாகச் சாய்ந்தால் தட்டைத் திருப்பிவையுங்கள். நீண்டு வெளுத்தால் வெளிச்சம் போதவில்லை என்று அர்த்தம். மெத்தென்று அமுங்கினாலோ நாற்றம் வந்தாலோ உடனே எடுத்து எறிந்துவிடுங்கள், பக்கத்தில் இருப்பதையும் சேர்த்துக் கெடுக்கும். வெளிச்சத்தில் இருந்தும் நூல்போல மெலிந்த முளை மட்டுமே விடும் கிழங்கைப் பாவம் பார்த்து வைத்துக்கொள்ளாதீர்கள். அது வைரஸ் பிடித்ததாகவோ ரொம்ப மூப்பானதாகவோ இருக்கலாம். அதற்குக் கொடுக்கும் இடத்தை வேறொன்றுக்குக் கொடுக்கலாம்.

ஆமாம், கிழங்குக்கும் வயது உண்டு. உறக்கம் கலைந்த புதிதில் தலைப்பக்கத்தில் ஒரே ஒரு முளை மட்டும் ராஜாவாக நிற்கும். இன்னும் கொஞ்ச நாள் போனால் அதன் அதிகாரம் தளர்ந்து பல கண்கள் ஒன்றாக எழும். நட இதுதான் நல்ல வயது. அதையும் தாண்டிக் கிழடானால் முளைகள் மெலிந்து கிளைக்கும். முற்றிலும் தளர்ந்த கிழங்கு செடியே விடாமல், முளையிலேயே கோலிக்குண்டு அளவில் குட்டிக்கிழங்குகளைக் கட்டிவிடுவதும் உண்டு. பார்க்க வேடிக்கையாக இருக்கும், விளைச்சல் கிடைக்காது.

எத்தனை முளை?

இதற்கு ஒரே பதில் கிடையாது. ஒவ்வொரு முளையும் ஒரு தனித்தண்டு, ஏறக்குறைய ஒரு தனிச்செடி மாதிரி. தண்டு அதிகமானால் கிழங்கின் எண்ணிக்கை கூடும், ஒவ்வொன்றின் அளவு குறையும். தண்டு குறைந்தால் எண்ணிக்கை குறைந்து அளவு பெருக்கும். பெரிய கிழங்கு வேண்டும் என்றால் தலைப்பக்கத்தில் தடிமனான இரண்டு மூன்று முளைகளை விட்டுவிட்டு மற்றவற்றை விரலால் தேய்த்து உதிர்த்துவிடலாம். தோலோடு வேகவைக்கும் சின்னக் கிழங்கு பிடிக்கும் என்றால் ஒன்றையும் தொட வேண்டாம். நான் உதிர்ப்பதில்லை. கஷ்டப்பட்டு வந்ததைப் பிடுங்க மனசு வருவதில்லை என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை.

அலமாரியில் நீண்டுபோன வெள்ளை முளைகளை என்ன செய்வது என்று கேட்கிறவர்கள் உண்டு. கிழங்கு இன்னும் கெட்டியாக இருந்தால் அவற்றை முழுக்க ஒடித்துவிட்டு வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். கண்ணில் மிச்சமிருக்கும் மொட்டுகள் இரண்டாம் தடவை எழும். முதல் தடவையின் பலம் இருக்காது, ஆனாலும் செடியாகும். ஒருமுறை அப்படித்தான் ஒரு பாத்தியை ஒப்பேற்றினேன்.

பெரிய கிழங்கை வெட்டி நடலாமா? நடலாம். துண்டுக்கு இரண்டு கண்ணாவது இருக்க வேண்டும், துண்டு சுமார் 40 கிராமுக்குக் குறையாமல் இருந்தால் நல்லது. கத்தியைச் சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள், நோய் ஒரு கிழங்கிலிருந்து இன்னொன்றுக்குக் கத்தி வழியாகவும் தாவும். வெட்டிய கையோடு நட்டுவிடாமல் காற்றோட்டமான நிழலில் இரண்டு மூன்று நாள் வையுங்கள். நம் தோலில் காயம் பொருக்குக் கட்டுவதுபோல வெட்டுவாயில் தக்கைபோன்ற ஒரு படலம் உருவாகும். அது வந்தபின் நட்டால் அழுகும் ஆபத்து வெகுவாகக் குறையும். கோழிமுட்டை அளவுக் கிழங்கை முழுசாகவே நடுங்கள், வெட்டிப் பெருக்குவதில் லாபமில்லை.

சமையலுக்கு வாங்கிய கிழங்கையே முளைகட்டலாமா என்பதும் அடிக்கடி வரும் கேள்வி. முளைத்தால் செடியாகும், அதில் சந்தேகமில்லை. தொல்லை இரண்டு. கிடங்கில் முளைக்காமல் இருக்க அவற்றுக்கு மருந்து போட்டிருக்கலாம். வெகுகாலம் பயன்பட்ட குளோர்புரோஃபாம் என்ற மருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020இல் நின்றுபோனது. மற்ற இடங்களில் அதுவோ வேறொன்றோ இருக்கலாம். மருந்து பட்ட கிழங்கு ஜன்னலோரத்தில் எத்தனை நாள் இருந்தாலும் அசையாது. இன்னொரு தொல்லை நோய். தின்பதற்கு ஒரு கெடுதலும் செய்யாத வைரஸ் விளைச்சலைப் பாதியாக்கிவிடும், வாடல் நோய்க் கிருமி வந்துவிட்டால் அந்த மண்ணிலேயே தங்கிவிடும். ஒரு தொட்டியில் விளையாட்டாகப் போட்டுப் பார்ப்பது வேறு. வருஷா வருஷம் தக்காளி, கத்தரி வைக்கிற பாத்தியில் நான் போடமாட்டேன். அவையும் உருளையின் குடும்பம்தான், அதன் நோய்களில் பல அவற்றுக்கும் வரும்.

நடும் நாள்

முளை ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் இருந்தால் போதும். அதற்கு மேல் விட்டால் கைதவறி முறியத்தான் செய்யும். மண் பிசுபிசுக்காமல் லேசாக ஈரமாக இருக்க வேண்டும். குளிர் நாடுகளில் மண்ணின் வெப்பம் 7 அல்லது 8 டிகிரியைத் தாண்டும்வரை காத்திருப்பார்கள். 10 முதல் 15 சென்டிமீட்டர் ஆழத்தில், முளை மேலே பார்க்க, கிழங்குக்குக் கிழங்கு ஓர் அடி இடைவெளி விட்டு வையுங்கள். வரிசைக்கு வரிசை இரண்டு அடியாவது வேண்டும், பின்னால் மண் அணைக்க அந்த இடம் தேவைப்படும். மண்ணைக் கையால் மெல்லத் தள்ளி மூடுங்கள், மண்வெட்டியால் கொட்டினால் நாலு வாரம் காத்த முளை நொடியில் போய்விடும்.

மூடியதும் முளைக்கு மறுபடி இருட்டு. இத்தனை நாள் வெளிச்சம் பிடித்துவைத்திருந்த கடிவாளம் விட்டுப்போகிறது. அலமாரியில் வீணாக ஓடிய அதே ஓட்டத்தை இப்போது அது ஓடும். இந்தத் தடவை மேலே நிஜமாகவே ஒரு தரைமட்டம் இருக்கிறது, போகவேண்டிய தூரம் ஒரு சாண்கூட இல்லை, அடியில் வேர்ப்புள்ளிகள் தயாராக இருக்கின்றன. மண்ணுக்குள் இருக்கும் கணுக்களிலிருந்து புதிய கிளைத்தண்டுகள் கிளம்பி அடுத்த கிழங்குகளைக் கட்டும். செடி ஒரு சாண் உயரம் வந்ததும் அடியில் மண் அணைப்பது, மேலாக இருக்கும் அந்தக் கிழங்குகள் வெளிச்சம் பட்டுப் பச்சையாகிவிடாமல் இருக்கத்தான். முளைக்கு நாம் தேடிக் கொடுத்த வெளிச்சத்தைச் சாப்பிடும் கிழங்குக்கு மறைக்க வேண்டியிருக்கிறது.

மண்ணின் சூட்டைப் பொறுத்து இரண்டு முதல் நாலு வாரத்தில் கரும்பச்சை இலைக்கொத்து மண்ணைப் பிளந்துகொண்டு வரும். அதுவரை எங்கே நட்டோம் என்பதற்குக் குச்சி ஊன்றிவையுங்கள். பத்தாம் நாள் பொறுக்கமாட்டாமல் கிளறிப் பார்த்து, நன்றாக வந்துகொண்டிருந்த ஒரு குருத்தை நானே ஒடித்திருக்கிறேன்.